எங்கட ஆக்கள் யாருட பக்கம், டீச்சர்?



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு, வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பத்தாம் தரத்துக்கு வரலாறு படிப்பிக்கிறேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். போன கிழமை கோட்டை இராச்சியம் நடந்தது. 1521இல் விஜயபாகு மன்னனை மூன்று மகன்மாரும் சேர்ந்து தீர்த்துக்கட்டியது, மூத்தவன் புவனேகபாகு கோட்டையை எடுத்தது, இளையவன் மாயாதுன்னை சீதாவக்கையை எடுத்தது, நடுவில் உள்ளவன் றைகமவை எடுத்தது. பிறகு அண்ணன் போர்த்துக்கேயரைப் பிடித்துக்கொண்டான், தம்பி கள்ளிக்கோட்டைச் சாமூதிரியிடம் உதவி கேட்டான். சாமூதிரி அனுப்பிய கடற்படைக்குத் தலைவர்கள் முஸ்லிம்கள், மரிக்கார்மார்.

இதைச் சொல்லிக்கொண்டு போகும்போது கடைசி வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தினான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, வாயே திறக்காதவன். "டீச்சர், அப்ப எங்கட ஆக்கள் யாருட பக்கம்?"

"ரெண்டு பக்கமும் இருந்திருப்பாங்க" என்று ஏதோ சொன்னேன். மணி அடித்துவிட்டது. நல்லவேளை என்றுதான் நினைத்தேன்.

அதே கிழமை வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். குஞ்ஞாலி மரிக்கார் இலங்கை மன்னனுக்காகப் போர்த்துக்கேயரோடு கடலில் சண்டையிட்டு ஷஹீதானார், மன்னன் கண்ணீர் விட்டான் என்று முடிகிறது. வாசிக்க நெஞ்சு நிறையும். ஆனால் அந்தக் கண்ணீர்க் கதைக்கு எந்தப் பழைய புத்தகத்திலும் இடமில்லை. பழைய புத்தகங்கள் சொல்வது வேறு, கேட்கக் கஷ்டமான கதை. அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

அதற்கு முதல் ஒரு சின்னச் சுற்று.

பத்தாம் தரத்தில் ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாடமும் இருக்கிறது. டாவின்சி, மைக்கலாஞ்சலோ, அச்சு இயந்திரம் என்று பிள்ளைகள் பாடமாக்குவார்கள். மறுமலர்ச்சிக் காலத்து எழுத்தாளர்கள் வரலாறு எழுதிய விதம் அதில் அவ்வளவாக வராது. அவர்களுக்கு முன்மாதிரி பழைய ரோமாபுரியின் லிவி. அரசனை நாடகப் பாத்திரம் போல நிறுத்துவது, அவன் வாயில் நீண்ட பேச்சுகளை வைப்பது, ஆட்சியை வாசிப்பவனுக்குப் பாடமாக்குவது, இதெல்லாம் அந்தக் கலை. இங்கிலாந்தில் தோமஸ் மோர் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனின் வரலாற்றை எழுதினார். ரிச்சர்ட் 1485இல் போர்க்களத்தில் செத்தபோது மோருக்கு ஏழு வயது அளவில்தான். பிறகு அவர் வளர்ந்த வீடு ரிச்சர்டின் எதிரியான மோர்ட்டனின் வீடு. அவர் எழுத்தில் ரிச்சர்ட் கூனன், ஒரு கை சூம்பியவன், குழந்தைகளைக் கொல்லச் சொன்னவன். ஷேக்ஸ்பியர் அதை நாடகமாக்கினார், உலகம் நம்பியது. 2012இல் லெஸ்டர் நகரத்தில் வாகனத் தரிப்பிடம் ஒன்றைத் தோண்டி அந்த மன்னனின் எலும்புக்கூட்டை எடுத்தார்கள். முள்ளந்தண்டு வளைந்திருந்தது உண்மை. சூம்பிய கையை மட்டும் காணவில்லை.

மோர் பொய்யர் என்று சொல்ல வரவில்லை. அவர் கேட்டதை, கேட்ட வீட்டின் கோபத்தோடு எழுதினார். இதை மனதில் வைத்துக்கொண்டு கோட்டைக்கு வருவோம்.

நம் நாட்டு அரசர்களைப் பற்றியும் அப்படியொருவர் எழுதினார். பெயர் டியோகோ டோ கூட்டோ. 1542இல் லிஸ்பனில் பிறந்தவர், 1559இல் பதினேழு வயதில் படைவீரனாக இந்தியாவுக்குக் கப்பலேறினார். போர்த்துக்கலின் பெரும் கவிஞர் கமோயிஷின் கூட்டாளி. கமோயிஷ் மொசாம்பிக்கில் சாப்பாட்டுக்கும் வழியின்றிக் கிடந்ததை நமக்குச் சொன்னவர் இவர்தான். பிற்காலத்தில் கோவாவின் ஆவணக் காப்பகத்துக்குப் பொறுப்பாளராகவும் அரசாங்க வரலாற்றாசிரியராகவும் ஆனார். இவருக்கு முன் இந்த வேலையைத் தொடங்கிய ஜோவாவோ டி பாரோஸ் ஆசியாவில் கால் வைத்ததே இல்லை. கூட்டோவோ வாழ்நாளில் பெரும் பகுதியைக் கோவாவில் கழித்து, 1616இல் அங்கேயே இறந்தார். இருவருடைய நூலுக்கும் 'தசகங்கள்' என்று பெயர், பத்துப் பத்துப் புத்தகமாக. அந்த ஏற்பாடும் லிவியிடம் எடுத்ததுதான்.

கூட்டோவிடம் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. தன் ஆட்களின் களவையும் அவர் மறைக்கவில்லை. கோவா அதிகாரிகளின் ஊழலை வைத்து ஒரு தனிப் புத்தகமே எழுதினார், அது அவர் செத்து நூற்றெழுபது வருசத்துக்குப் பிறகுதான் அச்சேறியது. நோயில் கிடந்த நேரம் பார்த்து அவருடைய கையெழுத்துப் பிரதிகளை யாரோ திருடினார்கள். மனிதர் நினைவில் இருந்ததைச் சுருக்கி மறுபடி எழுதினார். யாருக்கோ நெருப்பாக இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

இலங்கைக் கதை அவருக்கு எப்படிக் கிடைத்தது? கோவாவில் அப்போது இலங்கை இளவரசர்கள் சிலர் இருந்தார்கள், ஊரைவிட்டுப் போனவர்கள். அவர்கள் தங்கள் பழைய அரச வரலாறுகளைப் பாட்டாகச் சொல்ல, மொழிபெயர்த்துக் கேட்டதாக அவரே எழுதுகிறார். பாரோஸும் கூட்டோவும் இலங்கையைப் பற்றி எழுதிய பகுதிகளை டொனால்ட் பெர்குசன் என்பவர் நூறு வருசத்துக்கு முன்னமே ஆங்கிலத்தில் பெயர்த்து, ரோயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளியிட்டிருக்கிறார். நான் வாசித்தது அதைத்தான். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் நூலகத்தில் தூசி தட்டிப் புரட்டினேன், இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது.

சரி, கதை.

புவனேகபாகுவின் ஆட்சி 1521 தொடக்கம் 1551 வரை. முப்பது வருசமும் தம்பிக்குப் பயந்த முப்பது வருசம். கூட்டோவின் எழுத்தில் இவன் போர்த்துக்கலின் உண்மையான நண்பன், பாவம், மென்மையானவன். மாயாதுன்னை கொடுங்கோலன், சூழ்ச்சிக்காரன். இன்றைய நம் பாடத்தில் இது தலைகீழ். மாயாதுன்னை நாட்டைக் காக்க நின்ற வீரன், புவனேகபாகு பொம்மை. ஒரே இரண்டு மனிதர்கள்தான்.

1530களில் மாயாதுன்னை அண்ணனை முற்றுகையிட, சாமூதிரியின் மரிக்கார்கள் உதவிக்கு வந்தார்கள். இந்த மரிக்கார்கள் யார் என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை. கொச்சிப் பக்கத்துப் பெரிய கடல் வியாபாரிகள். ஆரம்பத்தில் போர்த்துக்கேயரோடும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள். கப்பல்களைப் பறிக்கவும் கடலுக்குச் சீட்டு வாங்கச் சொல்லவும் தொடங்கிய பிறகுதான் வாளெடுத்தார்கள். சாமூதிரி இந்து அரசன், மாயாதுன்னை பௌத்த வழி வந்தவன். ஆகவே இது ஒரு மதத்துக்கும் இன்னொரு மதத்துக்கும் நடந்த யுத்தம் என்று யாராவது எழுதினால், அந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிடலாம்.

1538 தொடக்கத்தில் பெரிய அடி விழுந்தது. இடம் வேதாளை. மண்டபத்துக்குப் பக்கத்தில், இராமநாதபுரக் கரை. நம் கற்பிட்டியிலிருந்து பார்த்தால் மன்னார் வளைகுடாவின் மறுகரைதான். மார்ட்டிம் அபொன்சோ டி சூசா என்ற தளபதி அங்கே மரிக்கார்களின் கப்பல்களைப் பிடித்து அழித்தான்.

இந்த இடத்தில் இரண்டாவது புத்தகத்தைத் திறக்கவேண்டும். நம் பக்கத்துப் புத்தகம். பொன்னானியின் மார்க்க அறிஞர் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய துஹ்ஃபதுல் முஜாஹிதீன். 1583 வரையான சம்பவங்கள் அதில் இருக்கின்றன. பீஜப்பூர் சுல்தான் அலி ஆதில் ஷாவுக்குச் சமர்ப்பணம். கூட்டோவின் அதே காலத்து மனிதர், எதிர்ப்பக்கத்தில் இருந்து எழுதினார். மதராஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த முஹம்மது ஹுஸைன் நயினார் இதை 1942இல் ஆங்கிலத்தில் தந்தார்.

ஸைனுத்தீன் கணக்குப்படி அலி இப்ராஹீம் மரிக்காரும் குஞ்ஞாலியும் 42 கப்பல்களோடு காயல் பக்கம் போனார்கள். ஹிஜ்ரி 944 ஷஃபான் கடைசியில், அதாவது 1538 ஜனவரி முடிவில், பரங்கிகள் வந்து அத்தனையையும் பிடித்தார்கள். அலி இப்ராஹீம் ஊர் திரும்பும் வழியில் மௌத்தானார். மிஞ்சியவர்கள், பகீஹ் அஹ்மத் மரிக்காரும் குஞ்ஞாலியும், மறுபடி ஒரு சிறிய படையைத் திரட்டிக்கொண்டு இலங்கைக்கு வந்தார்கள். பரங்கிகள் இங்கேயும் துரத்தி வந்து கப்பல்களைப் பிடித்தார்கள். தப்பியவர்கள் கரையேறி இலங்கை அரசனிடம் அடைக்கலம் போனார்கள். அந்த அரசன் அவர்களை வஞ்சகமாகக் கொன்றுவிட்டான்.

ஸைனுத்தீன் அத்தோடு அடுத்த சம்பவத்துக்குப் போய்விடுகிறார். யார் அந்த அரசன், ஏன் கொன்றான், ஒன்றுமில்லை. முதல் தடவை வாசித்தபோது அது புவனேகபாகுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவன்தானே பரங்கியின் ஆள்.

இல்லை. கூட்டோவைப் புரட்டினால்தான் தெரிகிறது, அது மாயாதுன்னை. அவர்களை வரவழைத்த அதே மாயாதுன்னை.

நடந்தது இதுதான். 1539இல் மிகுவெல் பெரேய்ரா என்ற தளபதி படையோடு வந்து, புவனேகபாகுவோடு சேர்ந்து சீதாவக்கை மீது நெருக்கினான். மாயாதுன்னையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, சமாதானம் கேட்டான். பெரேய்ரா வைத்த நிபந்தனை: மரிக்கார்களின் தலைகள் வேண்டும். உயிரோடு ஒப்படைப்பது மானக்கேடு, விருந்துக்கு வந்தவர்கள். ஆகவே மாயாதுன்னை ஆள் வைத்து அவர்களைக் கொல்லச் செய்து, தலைகளை மட்டும் போர்த்துக்கேயருக்கு அனுப்பினான். சமாதானம் ஆனது. கூட்டோ இதை எழுதும்போது வெற்றிச் செய்தியாகத்தான் எழுதுகிறார். கூட்டோ அப்போது பிறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவருக்குக் கிடைத்தது கோவாவின் காகிதங்களும் கிழவர்களின் வாய்ப்பேச்சும்.

எதிரியின் புத்தகமும் நம் ஆலிமின் புத்தகமும் ஒன்றையொன்று பார்க்காமல் எழுதப்பட்டவை. தலைவர்கள் கடற்சண்டையில் சாகவில்லை, கரையில், அடைக்கலம் கொடுத்தவன் கையால் கொல்லப்பட்டார்கள் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அதனால்தான் அதை நம்புகிறேன். எங்கே வேறுபடுகின்றன? ஸைனுத்தீனுக்கு அது வெறும் வஞ்சகம். கூட்டோவிடம் காரணம் இருக்கிறது: தோற்ற அரசன், எரியும் ஊர், கழுத்தில் கத்தி. காரணம் இருந்தால் வஞ்சகம் வஞ்சகமில்லை என்று ஆகிவிடாது. ஆனாலும் நம் ஆட்கள் ஏன் செத்தார்கள் என்று அறிய எதிரியின் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டியிருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் வெட்கம்தான்.

ஸைனுத்தீனும் சும்மா எழுதவில்லை. முஸ்லிம்களைப் போராட எழுப்புவதுதான் அவர் நோக்கம், அதை அவர் ஒளிக்கவும் இல்லை. பரங்கியின் வருகையே நம் பாவங்களுக்கான தண்டனை என்கிறார். அதே நேரத்தில் முஸ்லிமல்லாத சாமூதிரியை, முஸ்லிம்களைக் காத்தவன் என்று மனமாரப் புகழ்கிறார். அந்தப் பக்கங்களை நம் மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் நூல் முடிந்த பிறகு நடந்ததை அவரால் எழுத முடியவில்லை: 1600இல் கடைசிக் குஞ்ஞாலி சரணடைந்தபோது, அவரைப் போர்த்துக்கேயர் கையில் விட்டது அதே சாமூதிரியின் வழிவந்த அரசன். கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்த வருசம் கோவாவில் இருந்த கூட்டோ அதையும் எழுதி வைத்தார்.

புவனேகபாகுவின் கதைக்குத் திரும்புகிறேன். அவனுக்குப் பயம் வாரிசு பற்றி. பேரன் தர்மபாலனுக்கே கோட்டை போகவேண்டும், தம்பிக்குப் போகக்கூடாது. பேரனின் உருவத்தைச் செய்து தூதுவரோடு லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543இல் அங்கே மூன்றாம் ஜோவாவோ மன்னன் அந்த உருவத்துக்கு முடிசூட்டினான். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்தத் தூதோடு போன யானைத்தந்தப் பேழை இன்றும் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இருக்கிறது, அதில் முடிசூட்டும் காட்சியே செதுக்கியிருக்கிறது.

ஆனால் இவன் வெறும் பொம்மையுமில்லை. பாதிரிமார் வந்து மதம் மாறச் சொன்னபோது கடைசிவரை மாறவில்லை. தன் நாட்டில் குடியேறிய போர்த்துக்கேயர் செய்த அட்டகாசங்களைச் சொல்லி லிஸ்பனுக்கு முறைப்பாடு எழுதினான். அந்தக் கடிதங்கள் காப்பகத்தில் இருந்து 1928இல் அச்சிலும் வந்திருக்கின்றன. கூட்டோவின் 'நண்பன்' அந்தக் கடிதங்களில் நொந்துபோன மனிதன். சிங்கள நூலான ராஜாவலியவோ இவன்மீது இரக்கம் காட்டுவதில்லை: பேரனைப் பறங்கியிடம் கொடுத்துச் சாசனத்துக்குக் கேடு தேடிய மடையன் என்ற தோரணையில்தான் பேசுகிறது.

1551இல் களனியில் இருக்கும்போது ஒரு போர்த்துக்கேயனின் துப்பாக்கி வேட்டு மன்னனின் தலையில் பட்டது. ஜன்னலில் நின்றான் என்கிறார்கள். தவறுதலா, ஏவி விட்டதா என்பதில் நூல்கள் ஒத்துப்போகவில்லை. பிறகு நடந்ததில் சந்தேகமே இல்லை: இராஜப்பிரதிநிதி அபொன்சோ டி நொரோஞ்ஞா கோவாவில் இருந்து படையோடு வந்து, நண்பனின் மாளிகையையே கொள்ளையடித்தான். பொக்கிஷம் எங்கே என்று அரண்மனை ஆட்களைச் சித்திரவதை செய்தான். இதை இவ்வளவு விபரமாக நாம் அறிவது கூட்டோவினால்தான். தன் அரசாங்கத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறார். இன்றைக்கு எத்தனை பேர் எழுதுவோம்?

இப்போது பிள்ளையின் கேள்வி. எங்கட ஆக்கள்.

கூட்டோவுக்கு முஸ்லிம் என்றால் எல்லோரும் 'மூரோ'. ஸ்பெயினில், மொரோக்கோவில் தாங்கள் சண்டையிட்ட ஆட்களின் பெயரைக் கொண்டுவந்து கேரளத்து மாப்பிள்ளை, காயல்பட்டினத்து மரைக்காயர், பேருவளைக்காரன், நம் ஆள் எல்லாருக்கும் ஒட்டினார்கள். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் 'மூர்' ஆகி என் பிறப்புச் சான்றிதழிலும் உங்கள் சான்றிதழிலும் இருக்கிறது. தமிழில் சோனகர் என்பது அதற்கும் மிகப் பழைய சொல், வேறு வேர். ஆனாலும் இடையிடையே போர்த்துக்கேயரே உள்ளூர் மூரோ, வெளியூர் மூரோ என்று பிரித்து எழுதுகிறார்கள். 1526இல் போர்த்துக்கேயரின் நெருக்குதலால் புவனேகபாகு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, அது வெளியிலிருந்து வந்த மாப்பிள்ளை வியாபாரிகளைக் குறித்ததாகவே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் இங்கேயே பிறந்தவர்கள் என்று ஒரு கூட்டம் அப்போதே இருந்தது. நூறு வருசம் கழித்து, 1626இல், அந்த வித்தியாசமும் போய்விட்டது. போர்த்துக்கேயர் எல்லோரையும் துரத்தினார்கள். கண்டி மன்னன் செனரத் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான்.

அந்த உள்ளூர் ஆட்கள் 1539இல் யார் பக்கம்? வாடகைக்குத் தோணி கொடுத்தவன் இருந்திருப்பான். கோட்டையில் கடை வைத்திருந்தவன், சீதாவக்கைக்குப் பாக்கு ஏற்றியவன், இரண்டிலும் பங்கிருந்தவன் எல்லாம் இருந்திருப்பார்கள். இது என் ஊகம், புத்தகத்தில் இல்லை. கூட்டோ அரசர்களையும் தளபதிகளையும் எழுதினார், ஸைனுத்தீன் மரிக்கார்களை எழுதினார், ராஜாவலிய அரச வம்சத்தை எழுதியது. இந்தக் கரையில் வலை இழுத்தவனை, உப்புக் கட்டியவனை மூன்று பேரும் எழுதவில்லை.

1344இல் இப்னு பதூதா இங்கே இறங்கினார், பத்தாலா என்று எழுதியது புத்தளத்தைத்தான் என்பது பெரும்பாலானோர் கருத்து. மரத்தால் மதில் கட்டிய ஊர், கரையெல்லாம் கறுவா மரத்துண்டுகள் குவிந்து கிடந்தன, ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்களைக் காட்டி உபசரித்தான் என்கிறார். அவரும் வழிப்போக்கர்தான். நம்மைப் பற்றி நாமே எழுதியது எங்கே?

கொஞ்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சில வீடுகளில் அரபுத்தமிழில் எழுதிய கொப்பிகள், மௌலூது ஏடுகள், தோணிக் கணக்கு, பழைய காணி உறுதிகள், பள்ளிக் கணக்குப் புத்தகங்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன. என் மூத்தம்மாவின் பெட்டியில் இருந்ததைக் கறையான் தின்ற பிறகுதான் நாங்கள் திறந்தோம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்த குடும்பங்களில் உறுதியைக்கூட எடுக்க முடியாமல் வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் காகிதம் இருக்காது, ஞாபகம் இருக்கும். அந்த ஞாபகம் உள்ளவர்களுக்கும் வயசு போகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் உள்பெட்டியில் ஒரு வரி போடுங்கள். எடுத்துக்கொண்டு போக மாட்டேன். வீட்டுக்கே வந்து, போனில் படமெடுத்து, உங்கள் முன்னாலேயே திருப்பித் தந்துவிடுவேன். பெரியவர்கள் பேசச் சம்மதித்தால் குரலைப் பதிவு செய்யலாம், பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவேன். வட்ஸ்அப் செய்தியை அனுப்பியவர் இதை வாசித்தால் கோபிக்க வேண்டாம், உங்களால்தான் நான் மறுபடி அந்தப் புத்தகங்களைத் திறந்தேன்.

வருகிற செவ்வாய் பத்தாம் தரத்துக்கு இரண்டு பாடவேளை சேர்ந்து வருகிறது. கூட்டோவின் பக்கத்தையும் ஸைனுத்தீனின் பக்கத்தையும் தமிழில் சுருக்கி எழுதி, போட்டோக்கொப்பி அடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அன்றைக்கு வாப்பாவோடு தோணிக்குப் போகாமல் வகுப்புக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.